நெஞ்சுத் துடிப்புக்கும் விலைச்சீட்டா?

ஜி.எஸ்.டி. ரோடு நெடுகிலும் தனியார் ஆஸ்பத்திரிகளின் விளம்பரப் பலகைகள் நிற்கின்றன. மீனம்பாக்கத்தைத் தாண்டிப் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் என்று எங்கே திரும்பினாலும் ஒரு சிவப்பு இருதயப் படம் கண்ணில் படுகிறது. ஷிப்டு முடிந்து சானடோரியம் ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்குக் காத்து நிற்கும் தொழிலாளி அதைப் பார்க்கிறார். நடவு முடித்துச் சேறு காயாத காலோடு படப்பைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் தாயும் பார்க்கிறாள். பார்த்துவிட்டு இருவரும் தம் வழியே போகிறார்கள். அந்தப் படம் தங்களுக்காக வைத்ததல்ல என்று இருவருக்கும் தெரியும்.

ஏன் அவர்களுக்கு இல்லை? இதுதான் நம் கேள்வி.

தோழர்களே! இந்த வாரம் நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு வியாதி. அதற்கென்று உள்ள ஒரு சிகிச்சை. வியாதிக்கு டாக்டர்கள் சொல்லும் பெயர் 'ஏட்ரியல் பிப்ரிலேஷன்'. சிகிச்சையின் பெயர் 'கதீட்டர் அப்ளேஷன்'. பெயரைக் கண்டு மிரள வேண்டாம். 'லே-ஆப்', 'கிராஜுவிட்டி' என்பவையும் ஒரு காலத்தில் நம் நாவில் நுழையாத வார்த்தைகள்தான். சண்டை போட்டுப் பழகிவிட்டோம். வியாதியை இங்கே 'மேலறை நடுக்கம்' என்று சொல்லிக்கொள்வோம்.

இருதயத்தில் நாலு அறைகள். மேலே இரண்டு, கீழே இரண்டு. மேலறைகள் ரத்தத்தைக் கீழே தள்ளுகின்றன. கீழறைகள் அதை நுரையீரலுக்கும் உடம்புக்கும் இறைக்கின்றன. இந்த வேலைக்குத் தாளம் போடுவது வலது மேலறையில் பிறக்கும் ஒரு சிறு மின்துடிப்பு. ஓய்வாக இருக்கும் மனிதனுக்கு நிமிஷத்துக்கு 60 முதல் 100 முறை அது பிறக்கும். வியாதி வந்துவிட்டாலோ மேலறைகளில் கண்ட இடத்திலெல்லாம் மின்துடிப்பு கிளம்புகிறது. நிமிஷத்துக்கு 350, 500, 600 என்றுகூடப் போகிறது. தேர்வடத்தை நூறு பேர் ஒரே குரலுக்குச் சேர்ந்து இழுத்தால் தேர் நகரும். அந்த நூறு பேரும் அவரவருக்குத் தோன்றிய நொடியில் இழுத்தால்? வடம் ஆடும், தேர் நகராது. மேலறையின் கதி அதுதான். சுருங்கி விரிய வேண்டியது வெறுமே நடுங்கிக்கொண்டிருக்கிறது. கீழறையும் தாளம் தப்பி ஓடுகிறது.

இது வந்தவருக்கு நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், கை கால் ஓய்ந்து போகும், தலை சுற்றும். நாம் என்ன செய்கிறோம்? 'வாயு' என்று சொல்லி இஞ்சிச்சாறு குடிக்கிறோம். வயசாகிவிட்டது என்று தேற்றிக்கொள்கிறோம். சிலருக்கு ஓர் அறிகுறியும் தெரிவதில்லை. பெரிய அபாயம் அதுதான். ஏனென்றால் நடுங்கும் மேலறையில் ரத்தம் சரியாக ஓடாமல் தேங்குகிறது. இடது மேலறையின் ஓரத்தில் ஒரு சிறு பை இருக்கிறது. தேங்கிய ரத்தம் அங்கே உறைந்து கட்டியாகிறது. அந்தக் கட்டி ஒரு நாள் பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். காலையில் வேலைக்குக் கிளம்பிய மனிதனுக்கு வாய் கோணி, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு விடுகிறது. "நேற்றுவரை நன்றாக இருந்தாரே" என்று ஊர் சொல்லும். நன்றாக இருக்கவில்லை, யாரும் அவருடைய நாடியைப் பிடித்துப் பார்க்கவில்லை.

அமெரிக்காவில் பிராமிங்ஹாம் என்ற ஊரின் ஜனங்களைப் பல ஆண்டுகள் விடாமல் கவனித்து 1978-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். மேலறை நடுக்கம் உள்ளவருக்குப் பக்கவாதம் வரும் அபாயம் மற்றவரைவிட 5 மடங்குக்கு மேல். அதோடு ருமாட்டிக் காய்ச்சலால் கெட்டுப்போன வால்வும் சேர்ந்துகொண்டால் 17 மடங்கு. இந்த இரண்டாவது எண்ணை மறக்காதீர்கள். திரும்பவும் அதற்கு வருவோம்.

இனி சிகிச்சை. முன்பெல்லாம் மருந்து கொடுத்தார்கள். மின் அதிர்ச்சி கொடுத்துத் தாளத்தைத் திருப்பினார்கள். 1987-ல் அமெரிக்க சர்ஜன் ஜேம்ஸ் காக்ஸ் மார்பைத் திறந்து மேலறையில் கோடுகோடாக வெட்டித் தைத்தார். வெட்டிய தழும்பு மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே தாறுமாறான துடிப்பு பரவ வழியில்லை. பலன் கிடைத்தது. ஆனால் மார்பைப் பிளந்து செய்யும் பெரிய ஆபரேஷன் அது.

1998-ல் பிரான்ஸ் நாட்டுப் போர்டோ நகரத்தில் ஹைஸகேர் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் 45 நோயாளிகளைச் சோதித்தார்கள். கோளாறான துடிப்பு எங்கிருந்து புறப்படுகிறது? நூற்றுக்கு 94 பங்கு, நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்களுக்குள்ளிருந்து! அப்படியானால் இருதயம் முழுவதையும் வெட்ட வேண்டியதில்லை. அந்தக் குழாய்களின் வாயைச் சுற்றி வேலி போட்டால் போதும்.

வேலி போடுவது இப்படி: தொடை மடிப்பில் உள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய நீண்ட கதீட்டரைச் செலுத்துகிறார்கள். அது வலது மேலறைக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே நடுச்சுவரில் ஊசியால் சிறு துளை போட்டு இடது மேலறைக்குள் நுழைகிறார்கள். யந்திரம் ஒன்று அறையின் உள்வடிவத்தைத் திரையில் வரைந்து காட்டுகிறது. நான்கு குழாய்களின் வாயைச் சுற்றிலும் கதீட்டர் நுனியால் பொட்டுப் பொட்டாகச் சுடுகிறார்கள். சுட்ட இடம் தழும்பாகி மின்துடிப்பை மறிக்கிறது. சுடாமல் உறைபனிக் குளிரால் செய்வதும் உண்டு. நொடியில் மிகச் சிறு பங்கு நேரம் பாயும் உயர்ந்த மின்னழுத்தத்தால் செய்யும் முறையை 2023 கடைசியிலும் 2024 தொடக்கத்திலும் அமெரிக்க சர்க்கார் அனுமதித்தது. சில மணி நேர வேலை. மார்பில் கத்தி படுவதில்லை. இரண்டொரு நாளில் வீட்டுக்குப் போகலாம்.

மனித அறிவின் மகத்தான சாதனை இது. இதில் நமக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் இந்தச் சாதனையைச் சுற்றி இரண்டு பொய்கள் உலவுகின்றன. இரண்டையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

முதல் பொய், விற்பவர் சொல்லும் பொய். "ஒரு தடவை செய்துகொண்டால் தீர்ந்தது, மாத்திரையே வேண்டாம்." இது சரியல்ல. நூறு பேருக்குச் செய்தால் இருபது முப்பது பேருக்கு ஒரு வருஷத்துக்குள் நடுக்கம் திரும்பி வருவது சாதாரணம். வியாதி முற்றி நிரந்தரமாகிவிட்டவர்களுக்கு இன்னும் அதிகம். சிலருக்கு இரண்டாம் முறையும் செய்ய வேண்டியிருக்கிறது. நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குக் கடுமையான தொல்லை நேரலாம்: தொடையில் ரத்தப்போக்கு, இருதயத்தைச் சுற்றி ரத்தம் கட்டிக்கொள்ளுதல், சிகிச்சையின்போதே பக்கவாதம். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைச் சிகிச்சைக்குப் பிறகும் பலர் தொடர வேண்டும். 2019-ல் 'கபானா' என்ற பெரிய ஆராய்ச்சி வெளிவந்தது. பத்து நாடுகள், 2,204 நோயாளிகள். மருந்து மட்டும் கொடுத்தவர்களோடு ஒப்பிட்டால், சாவையும் பக்கவாதத்தையும் இச்சிகிச்சை குறைத்தது என்று அதில் நிரூபணமாகவில்லை. படபடப்பும் களைப்பும் குறைந்து, நோயாளிகள் நிம்மதியாக நடமாடினார்கள் என்பது நிரூபணமாயிற்று.

அதைக் கேட்டதும் எட்டிப் பார்க்கிறது இரண்டாவது பொய். இது அதிகார மேஜைக்குப் பின்னாலிருந்து வருவது. "பார்த்தீர்களா, உயிரைக் காக்காத சிகிச்சை, பணக்காரர்களின் ஆடம்பரம், ஏழைக்கு மாத்திரை போதும்." அப்படியா? 2018-ல் வெளிவந்த 'காஸில்' ஆராய்ச்சியைப் பாருங்கள். இருதயம் ஏற்கெனவே பலவீனப்பட்டு, நடுக்கமும் சேர்ந்தவர்கள் 363 பேர். மருந்து மட்டும் கொடுத்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இறந்தார்கள் அல்லது இருதயம் சோர்ந்து ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். கதீட்டர் சிகிச்சை பெற்றவர்களில் அது 28 சொச்சம். இது ஆடம்பரமா? இன்னொன்றும் கேட்கிறோம். மூச்சு வாங்காமல் நாலு படி ஏற முடிவது மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குச் சௌகரியமாக இருக்கலாம். மூட்டை தூக்குகிறவருக்கும் களை பறிக்கிறவளுக்கும் அதுதான் கூலி. அதுதான் அடுப்பு எரிவது. களைப்பு குறைவது என்ற அந்த ஒரு பலனுக்கே உழைப்பாளிக்குத்தான் முதல் உரிமை.

ஆகவே நம் நிலை இது: தேவைப்பட்டவருக்கு, டாக்டர் பார்த்துச் சொன்னவருக்கு, இச்சிகிச்சை சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைக்க வேண்டும். தேவைப்படாதவரிடம் இதைத் தள்ளி விற்பது நிற்க வேண்டும்.

இதற்கு ஏன் சில லட்சம் ரூபாய் ஆகிறது? டாக்டரின் கைத்திறனுக்காக மட்டுமல்ல. வரைபடம் காட்டும் யந்திரம் வெளிநாட்டுக் கம்பெனிச் சரக்கு. கதீட்டர்கள் ஒரு முறை உபயோகத்துக்கு என்று முத்திரை குத்தி, பெரும்பாலும் இறக்குமதியாகி வருபவை. கம்பெனி, ஏஜெண்டு, ஆஸ்பத்திரி என்று ஒவ்வொரு கையிலும் விலை ஏறுகிறது. இது விதி எழுதிய விலையா? இருதயக் குழாய் அடைப்புக்கு வைக்கும் ஸ்டெண்டின் கதை நினைவிருக்கிறதா? மருந்து பூசிய ஸ்டெண்டு ஒன்றுக்கு லட்சத்துக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2017 பிப்ரவரியில் மத்திய விலை ஆணையம் உச்சவிலை 29,600 ரூபாய் என்று கட்டியது. கம்பெனிகள் கூச்சல் போட்டன. ஆனால் விற்பனை நின்றுவிடவில்லை. ஸ்டெண்டுக்குக் கட்டிய விலையை இந்தக் கதீட்டருக்கும் யந்திரத்துக்கும் கட்ட முடியாதா?

இன்னும் ஒருபடி மேலே போவோம். நம் நாட்டிலேயே செய்ய முடியாதா? திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் இருக்கிறது. ஜனங்களின் பணத்தில் நடப்பது. வெளிநாட்டு வால்வு வாங்க வழியில்லாத நோயாளிகளைப் பார்த்து, டாக்டர் வலியத்தான் தலைமையில் அங்கே சொந்தமாக ஒரு செயற்கை வால்வைச் செய்ய முனைந்தார்கள். மாதிரி வடிவங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. விடவில்லை. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குச் சித்ரா வால்வு வைக்கப்பட்டது. பிறகு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அது போயிருக்கிறது. வால்வு செய்யத் தெரிந்த கைகளுக்குக் கதீட்டர் செய்யத் தெரியாதா என்ன!

இப்போது அந்த 17 மடங்குக் கணக்குக்குத் திரும்புவோம். நம்மைப் பொறுத்தவரை விஷயத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது.

பணக்கார நாடுகளில் மேலறை நடுக்கம் பெரும்பாலும் முதியவர்களின் வியாதி. நம் நாட்டில் பாதை வேறு. 2014-ல் வெளியான, 46 நாடுகளை உள்ளடக்கிய கணக்கெடுப்பு ஒன்று சொல்கிறது: மேலறை நடுக்கத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் ருமாட்டிக் இருதய நோய் இருந்தவர்கள் வட அமெரிக்காவில் நூற்றுக்கு 2.2. இந்தியாவில் 31.5. மூன்றில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவு!

ருமாட்டிக் நோய் எப்படி வருகிறது? குழந்தைப் பருவத்தில் தொண்டைப் புண், காய்ச்சல். பிறகு மூட்டுகள் ஒவ்வொன்றாக வீங்கி வலிக்கும். சில வாரத்தில் சரியாகிவிட்டதாகத் தோன்றும். ஆனால் உள்ளே இருதய வால்வைக் கடித்து வைத்துவிட்டுப் போயிருக்கும். ஒரே அறையில் ஆறேழு பேர் மூச்சு முட்டப் படுக்கும் வீடுகளில்தான் இந்தத் தொண்டைக் கிருமி பரவுகிறது. மாளிகைகளில் இது அபூர்வம். மருந்து என்ன? பென்ஸிலின். காய்ச்சல் வந்த குழந்தைக்கு மூன்று நாலு வாரத்துக்கு ஒரு ஊசி, பல வருஷம் தவறாமல் போட்டால் வால்வு மேலும் கெடாமல் காக்கலாம். விலை மிகச் சொற்பம். அந்த ஊசி தவறிப்போன குழந்தைதான் முப்பது வயதில் மூச்சு வாங்கிக்கொண்டு, நடுங்கும் மேலறையோடு நிற்கிறது.

இப்படி வால்வு சுருங்கிப் போனவர்களுக்கு நாம் மேலே சொன்ன கதீட்டர் சூடு முதல் வைத்தியம் அல்ல. முதலில் வால்வைக் கவனிக்க வேண்டும். கூடவே ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. எந்த மாத்திரை? விலை கூடிய புது மாத்திரைதான் மேல் என்று நாம் நினைப்போம். 2022-ல் முடிவு வெளியான 'இன்விக்டஸ்' ஆராய்ச்சி, இந்தியா உட்பட ஏழை நாடுகள் பலவற்றில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ருமாட்டிக் நோயாளிகளிடம் நடந்தது. வார்பரின் வகையைச் சேர்ந்த பழைய, மலிவான மாத்திரைகள் சாப்பிட்டவர்களே அதிகம் பிழைத்தார்கள்.

ஆனால் பழைய மாத்திரைக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஐ.என்.ஆர். என்ற ரத்தச் சோதனை அடிக்கடி செய்து அளவைச் சரிபார்க்க வேண்டும். அந்த எண் பொதுவாக 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் பக்கவாதம்; கூடினால் ரத்தப்போக்கு. கீரை கூடக் குறையச் சாப்பிட்டாலும் அளவு மாறும். வேறு மாத்திரை சேர்ந்தாலும் மாறும்.

முடிச்சூருக்கு அப்பால் நமக்குத் தெரிந்த ஒரு விவசாயத் தொழிலாளத் தாய். வால்வு நோய், மாத்திரை சாப்பிடுகிறவள். மாதம் ஒருமுறை ரத்தம் பார்க்க விடியுமுன் எழுந்து பஸ், பிறகு ரயில், பிறகு வரிசை. சீட்டு வாங்க ஒரு வரிசை, ரத்தம் கொடுக்க ஒரு வரிசை, முடிவு வாங்க மறுநாள் வா என்பார்கள். இரண்டு நாள் கூலி போயிற்று. நடவுக் காலத்தில் மூன்று மாதம் அவள் போகவில்லை. "போனா சோத்துக்கு என்னா பண்றது தோழர்?" என்று நம்மையே திருப்பிக் கேட்டாள். என்ன பதில் சொல்ல? விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சில நிமிஷத்தில் ஐ.என்.ஆர். சொல்லும் கையடக்க யந்திரம் உலகத்தில் இருக்கிறது. அது ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருந்தால் அவள் நடந்தே போய் வந்து மத்தியானக் களைக்குச் சேர்ந்துவிடுவாள்.

லட்சங்களில் பேசும் சிகிச்சைக்கும் இந்த ஒரு சொட்டு ரத்தத்துக்கும் நாம் ஒரே மூச்சில் கேட்கிறோம் என்றால் காரணம் உண்டு. மேலே உள்ள சிகிச்சையைக் காட்டிக் கீழே உள்ளதை மறக்கடிக்கிறார்கள். கீழே உள்ளதைக் காட்டி மேலே உள்ளதை மறுக்கிறார்கள்.

ஆலைத் தோழர்களுக்குத் தனியாக ஒரு விஷயம். ரத்தக் கொதிப்பு, நீரிழிவு, பருத்த உடம்பு, குடி, இவையெல்லாம் மேலறை நடுக்கத்தைக் கொண்டுவரும். சம்பள நாளில் மிதமிஞ்சிக் குடித்துவிட்டு மறுநாள் நெஞ்சு படபடக்க வருகிறவர்களைப் பார்த்து 1978-லேயே 'விடுமுறை இருதயம்' என்று அமெரிக்க டாக்டர்கள் பெயர் வைத்தார்கள். குடியை விட்டால் நடுக்கம் திரும்புவது குறைகிறது என்று 2020-ல் ஆஸ்திரேலியாவில் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். கசப்பாக இருந்தாலும் நம்மவர்களிடம் இதை நாம்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் குடியைப் பற்றி உபதேசம் செய்கிறவர்கள் வேலை நேரத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. 2017-ல் ஐரோப்பிய விஞ்ஞானிகள் 85,000-க்கு மேற்பட்டவர்களைப் பத்து வருஷம் கவனித்து எழுதினார்கள்: வாரத்துக்கு 55 மணிக்கு மேல் உழைக்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி உழைக்கிறவர்களைவிட மேலறை நடுக்கம் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 40 அதிகம். மொத்த எண்ணிக்கை பெரிதல்ல, ஆயிரம் பேருக்கு ஐந்து பேர் கூடுதல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த ஐந்து பேரில் யார் யார் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 2023 ஏப்ரல் 21-ந் தேதி தமிழ்நாடு சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியது ஞாபகம் இருக்கிறதா? தொழிற்சங்கங்கள் எல்லாம் எதிர்த்து எழுந்தன. மே தினத்தன்று அது வாபஸ் என்று அறிவிக்கப்பட்டது. அன்று கூலிக்காகவும் ஓய்வுக்காகவும் எதிர்த்தோம். இருதயத்துக்காகவும்தான் எதிர்த்தோம் என்று இன்று சேர்த்துக்கொள்ளலாம்.

இ.எஸ்.ஐ. பற்றியும் பேச வேண்டும். 1948-ல் வந்த சட்டம் அது. நம் கூலியிலிருந்து பிடித்த பணத்தில் நடக்கும் வைத்தியம் தர்மம் அல்ல, நம் சொத்து. 2017 ஜனவரியில் மாதம் 21,000 ரூபாய் என்று வரம்பு வைத்தார்கள். விலைவாசியோடு கூலி சற்று ஏறினாலும், வரம்பைத் தாண்டிவிட்டாய் என்று தொழிலாளி வெளியே தள்ளப்படுகிறார். நாற்பது ஐம்பது வயதில், வியாதி வரும் நேரத்தில்! 2019 ஜூலையில் முதலாளி கட்ட வேண்டிய பங்கை 4.75-லிருந்து 3.25 சதவீதமாகக் குறைத்தார்கள். நம் பங்கும் குறைந்தது உண்மை. குறைந்த பணத்தில் கூடுதல் வைத்தியம் எங்கிருந்து வரும்? விவசாயத் தொழிலாளிக்கு அந்த இ.எஸ்.ஐ.யும் இல்லை. காப்பீட்டுத் திட்ட அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை என்று எழுதியிருக்கிறது. அந்த அட்டை, கதீட்டர் விலையும் வரைபட யந்திரச் செலவும் உட்பட முழுத் தொகையையும் ஏற்க வேண்டும். "இது அட்டையில் வரும், இது வராது, வித்தியாசத்தைக் கட்டு" என்ற பேரம் கூடாது.

"இதெல்லாம் ஆகிற காரியமா?" என்று சிலர் கேட்பார்கள். அவர்களைத் தாம்பரம் சானடோரியத்துக்கு அழைத்துப் போவோம். ரயில் ஸ்டேஷனுக்கே பெயர் கொடுத்த அந்தக் காச நோய் ஆஸ்பத்திரியை 1928-ல் டாக்டர் சௌரி முத்து தனியாராகத் தொடங்கினார். 1937-ல் சர்க்கார் எடுத்துக்கொண்டது. காசம் வந்தால் மலைக்காற்றும் பாலும் முட்டையும் வேண்டும், ஏழை எங்கே போவான் என்று பேசிய காலம் அது. 1956-ல் சென்னைச் சேத்துப்பட்டில் ஆராய்ச்சி நிலையம் வந்தது. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து மருந்து கொடுத்தவர்களையும், நெருக்கடியான சேரி வீடுகளிலேயே இருந்து மருந்து சாப்பிட்டவர்களையும் அங்கே ஒப்பிட்டார்கள். மருந்து ஒழுங்காகக் கிடைத்தால் வீட்டிலேயே அதே அளவு குணமாகிறது என்று 1959-ல் உலகத்துக்குச் சொன்னார்கள். உலகம் முழுவதும் காச வைத்தியம் மாறியது. நம் சென்னை ஏழைகளின் உடம்பில் எழுதப்பட்ட பாடம் அது.

1993-லிருந்து அதே தாம்பரம் ஆஸ்பத்திரி, எங்கும் சேர்க்காமல் விரட்டிய எய்ட்ஸ் நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டது. அப்போது வெளிநாட்டுக் கம்பெனிகள் அதற்குரிய மருந்தை வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்றன. 2001-ல் நம் நாட்டு சிப்லா கம்பெனி 350 டாலருக்குக் கொடுக்க முடியும் என்று அறிவித்தது. 1970-ல் போட்ட காப்புரிமைச் சட்டம் கதவைத் திறந்து வைத்திருந்ததால் அது முடிந்தது. 2004 ஏப்ரல் முதல் தேதி இந்தியாவில் எட்டு ஆஸ்பத்திரிகளில் இந்த மருந்து இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். எட்டில் ஒன்று தாம்பரம். லட்சக்கணக்கில் விலை சொன்ன மருந்து, அந்த வாசலில் காசில்லாமல் வந்தது. எனவே, ஆகாத காரியம் என்று யாராவது சொன்னால் தாம்பரத்துக்காரர்கள் சிரிக்க வேண்டும்.

இன்று அதே சானடோரியத்தில் 2025-ல் திறந்த ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரி நிற்கிறது. கிண்டியில் 2023 ஜூனில் திறந்த ஆயிரம் படுக்கை ஆஸ்பத்திரி இருக்கிறது. தாம்பரத்திலிருந்து ஒரே ரயில். கட்டடம் இருக்கிறது. கட்டடத்துக்குள் என்ன நடக்க வேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது. கிண்டியிலும் சென்ட்ரல் எதிரிலுள்ள பெரிய ஆஸ்பத்திரியிலும் மேலறை நடுக்கத்துக்குக் கதீட்டர் சிகிச்சை செய்ய வாரத்தில் குறித்த நாட்கள் வேண்டும். அதற்குப் பயிற்சி பெற்ற டாக்டர்களும் நர்ஸுகளும் டெக்னீஷியன்களும் நிரந்தர வேலையில் வேண்டும். காத்திருப்போர் பட்டியலைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். சிபாரிசுக்கு இடம் கூடாது. தாம்பரத்தில் தினமும் ஐ.என்.ஆர். பார்த்து அன்றைக்கே முடிவு சொல்ல வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் பென்ஸிலின் ஊசி தீர்ந்துபோனது என்ற பேச்சே எழக்கூடாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக வந்து ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கும் சகோதரிகள், கூடவே ஒரு நிமிஷம் நாடியையும் பிடித்துப் பார்க்கட்டும். அந்த வேலைக்கு அவர்களுக்குக் கூலியும் உயரட்டும். அவர்களும் உழைப்பாளிகள்தான்.

மனு தயாராகும்வரை சங்க ஆபீசில் நாமே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து முழுசாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். துடிப்பு சீராக வருகிறதா, தாறுமாறாக வருகிறதா என்று கவனிக்க வேண்டும். ஐம்பது வயது தாண்டியவர்கள், கொதிப்பு உள்ளவர்கள், சிறு வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் கண்டவர்கள் முதலில் பார்த்துக்கொள்ளட்டும். தாளம் தப்பியிருந்தால் அன்றைக்கே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்ல வேண்டும். எடுத்த தாளைக் கேட்டு வாங்கி வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த நடுக்கம் பலருக்கு வந்து வந்து போகும். அடுத்த முறை டாக்டர் பார்க்கும்போது நாடி நேராக இருக்கும். அப்போது அந்தத் தாள்தான் சாட்சி.